யாருக்கு ஃப்ரெண்ட்லி?

வீட்டில் என்ன சமைத்தோம், யார் எவ்வளவு சாப்பிட்டார்கள், டப்பாவில் இருக்கும் துவரம்பருப்பு எத்தனை நாளைக்கு வரும் என்று கணக்கு வைத்துக்கொள்ளும் ஆப்கள் நிறைய வந்துவிட்டன. 'செயலி' என்பது நல்ல தமிழ்தான். மளிகைக் கடையில் புழங்குவது 'ஆப்' என்பதால் இந்தக் கட்டுரைக்கும் அதுவே இருக்கட்டும். எல்லா ஆப்களும் தங்களை 'யூஸர் ஃப்ரெண்ட்லி' என்று அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. ஃப்ரெண்ட்லி சரி, யார் அந்த யூஸர்?

இந்த வகையில் நாலைந்தை இறக்கி உபயோகித்துப் பார்த்தேன். பெயர்கள் வேண்டாம், எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. பார்க்க அழகு. வெள்ளைப் பின்னணி, பச்சை எழுத்து, சிரிக்கும் கேரட். முதலில் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கிறது. அப்புறம் அலமாரியில் உள்ளவற்றின் பார்கோடை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்யச் சொல்கிறது. பிஸ்கட்டுக்கும் டூத்பேஸ்ட்டுக்கும் பார்கோடு உண்டு. தள்ளுவண்டியில் வாங்கின தக்காளிக்கு? கொசுறாகக் கிடைத்த கறிவேப்பிலைக்கு? விலைக் கட்டத்தில் பூஜ்யம் போட்டால், சரியான தொகையைக் கொடு என்று சிவப்பு எழுத்தில் அதட்டுகிறது. கொசுறு என்கிற மகத்தான பொருளாதாரத் தத்துவம் இதை டிசைன் செய்தவர்களுக்கு எட்டவில்லை.

சமையலறைக்குள் கம்ப்யூட்டரை நுழைக்கும் ஆசை புதிதல்ல. 1969-ல் அமெரிக்காவில் நீமன் மார்கஸ் என்ற பணக்காரக் கடை, தன் கிறிஸ்துமஸ் கேட்டலாகில் ஹனிவெல் கம்பெனியின் 'கிச்சன் கம்ப்யூட்டர்' ஒன்றைப் படத்துடன் விளம்பரம் செய்தது. விலை 10,600 டாலர். சமையல் குறிப்புகளைச் சேர்த்துவைத்து, இன்றைக்கு என்ன சமைக்கலாம் என்று யோசனை சொல்லுமாம். அதனிடம் பேச வரிசையாக ஸ்விட்சுகள். பதில், விளக்குகளாக மினுக்கும், பூஜ்யம்-ஒன்று பாஷையில். இந்தப் பாஷையைக் கற்றுக்கொள்ள இல்லத்தரசிக்கு இரண்டு வாரப் பயிற்சியும் உண்டு என்றார்கள். ஒன்றுகூட விற்றதற்கு அத்தாட்சி இல்லை. 2000-ல் எல்.ஜி. கம்பெனி இன்டர்நெட் ஃப்ரிட்ஜ் கொண்டுவந்தது. உள்ளே இருப்பதைக் கணக்கு வைக்கும் என்றார்கள். விலையைக் கேட்டதும் பழைய ஃப்ரிட்ஜே போதும் என்று ஜனங்கள் ஒதுங்கிவிட்டார்கள்.

இப்போது ஸ்விட்சுக்குப் பதில் டச் ஸ்க்ரீன். விலையும் இலவசம். நினைப்பு மட்டும் மாறவில்லை. கணக்கை மெஷின் வைத்துக்கொள்ளும். தகவலை மட்டும் அம்மா ஊட்டிக்கொண்டே இருக்கவேண்டும். ஏற்கெனவே சமைக்கிற, பரிமாறுகிற, பாத்திரம் ஒழிக்கிற ஆளுக்கு, சம்பளமில்லாத ஒரு குமாஸ்தா வேலையும் கூடுதலாக.

ஓர் ஆப் நல்லதா என்று சோதிக்க டிசைன் ஸ்டூடியோ போதாது. ஓர் ஊர் வேண்டும். நான் திருத்தணியைச் சிபாரிசு செய்கிறேன். மலையடிவாரத் தெருவில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மாமியார், மருமகள், தினம் சென்னைக்கு ரயிலில் வேலைக்குப் போய்வரும் மகன், ஸ்கூல் போகும் இரண்டு பிள்ளைகள். மிகச் சாதாரணமான குடும்பம். ஆனால் இந்த வீட்டில் பாஸ் பண்ணுகிற ஆப் எந்த வீட்டிலும் பாஸ் பண்ணும். காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம் பாஷை. 1953-ல் ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போன ஊர் திருத்தணி. ம.பொ.சி. முதலானவர்கள் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1-ல் இந்தப் பக்கம் திரும்பியது. சர்க்கார் கோடு ஒரே நாளில் மாறிவிடும். சமையலறை அப்படி மாறாது. இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் இரண்டு பாஷையும் ஒரே வாக்கியத்தில் வரும். மாமியாருக்கு அது கந்திபப்பு, மருமகளுக்குத் துவரம்பருப்பு, கடை பில்லில் தூர் தால். ஒருவருக்குக் கோங்கூரா, இன்னொருவருக்குப் புளிச்சகீரை. சிந்தபண்டு என்றாலும் புளி என்றாலும் டப்பா ஒன்றுதான். ஆப் என்ன செய்கிறது? ஆரம்பத்திலேயே 'உங்கள் மொழியைத் தேர்ந்தெடுக்கவும்' என்று ஒரே ஒரு மொழியைக் கேட்கிறது. அப்புறம் கந்திபப்பைத் தனியாகவும் துவரம்பருப்பைத் தனியாகவும் எழுதிக்கொண்டு, இரண்டும் குறைவாக இருக்கிறது, இரண்டையும் வாங்கு என்கிறது. ஒரே பொருளுக்கு நாலு பெயர் வைத்துக்கொள்ள அனுமதிப்பது டேட்டாபேஸில் ஒன்றும் பிரம்ம வித்தையல்ல. யாரும் கேட்கவில்லை, அதனால் செய்யவில்லை.

இரண்டாவது, காலண்டர். மெனு போடும் ஆப்கள் எல்லாமே வாரக் கணக்கில் யோசிக்கின்றன. திங்கட்கிழமை இது, செவ்வாய்க்கிழமை அது, 'ஒவ்வொரு வாரமும் திரும்பவும்' என்று ஒரு டிக் மார்க். முருகன் ஊரில் அது செல்லுபடியாகாது. கிருத்திகை இருபத்தேழு நாளுக்கு ஒருமுறை வரும், எந்தக் கிழமையில் வேண்டுமானாலும். அன்றைக்கு விரதம், கவிச்சி கிடையாது. சஷ்டி, அமாவாசை எல்லாம் திதிக் கணக்கு. வாரத்தை மட்டுமே தெரிந்த ஆப், கிருத்திகையன்று காலை எட்டு மணிக்கு 'இன்று சிக்கன் குழம்பு' என்று மணியடிக்கும். மாமியார் ஃபோனையே தலைமுழுகச் சொல்வார். சுவரில் ஆணியடித்து மாட்டிய தினசரி காலண்டருக்கு இந்தச் சங்கதிகள் எல்லாம் தெரியும். தாளைக் கிழித்தால் போதும், பாஸ்வேர்டு கிடையாது. பால் பாக்கெட் வராத நாளை அதன் ஓரத்திலேயே பென்சிலால் சுழித்தும் வைக்கலாம்.

மூன்றாவது, தலைக்கணக்கு. வீட்டில் ஐந்து பேர் என்று ஒருமுறை கொடுத்துவிட்டால் ஆப் அதையே பிடித்துக்கொள்கிறது. மலைக்கு 365 படிகள், வருஷத்தின் நாளுக்கு ஒன்று என்பார்கள். டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழாவுக்கும், ஆடிக் கிருத்திகைக் காவடிக் கூட்டத்துக்கும் சொந்தக்காரர்கள் இறங்குவார்கள். ஐந்து பேர் பதினைந்து பேராவது போன் பண்ணிச் சொல்லிவிட்டு நடக்கிற காரியமல்ல. அந்த நேரம் மருமகள் ஆப்பைத் திறந்து 'விருந்தினர்' பகுதிக்குப் போய் எண்ணிக்கையைத் திருத்துவாளா, அரிசி களைவாளா?

நான்காவது, அளவு. 'ஒரு கப்', 'ஒரு சர்விங்' என்கிறது ஆப். யார் வீட்டுக் கப்? நம்முடைய அளவுகள் நெல்லிக்காய் அளவு புளி, ஒரு சிட்டிகை பெருங்காயம், ஒரு கைப்பிடி பருப்பு, ஆழாக்கு அரிசி. எட்டு ஆழாக்கு ஒரு படி என்று கணக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. கை ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு சைஸ் என்பது உண்மை. ஆனால் ஒரே வீட்டில் ஒரே கைதானே அளக்கிறது? இந்த வீட்டில் ஒரு டம்ளர் என்றால் எவ்வளவு என்று ஒரே ஒரு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டால் அப்புறம் ஆயுசுக்கும் கேட்கவேண்டியதில்லை.

ஐந்தாவதுதான் எனக்குப் பிடித்தது: மாவு. ஆப்பைப் பொறுத்தவரை எந்தப் பொருளுக்கும் ஒரு காலாவதித் தேதி. அதற்கு முன் நல்லது, அதற்குப் பின் குப்பை. நம் வீட்டு மாவுக்கு அப்படித் தேதி கிடையாது, அவதாரம்தான் உண்டு. முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, புளித்துவிட்டால் வெங்காயம் போட்டு ஊத்தப்பம், அதையும் தாண்டினால் தாளித்துக் குழிப்பணியாரம். ராத்திரிச் சோறு காலையில் பழையது. மிஞ்சின குழம்பைச் சுண்டவைத்தால் மறுநாள் அதற்குத்தான் சண்டை. 'காலாவதியாகிவிட்டது' என்று நோட்டிஃபிகேஷன் அனுப்புவதற்குப் பதில், 'மாவு மூணாவது நாள், ஊத்தப்பம் போடலாமே' என்று சொல்லும் ஆப்பை நான் இன்னும் பார்க்கவில்லை.

இது சின்ன விஷயமில்லை. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-ல் உலகம் வீணடித்த உணவு சுமார் 105 கோடி டன். அதில் 60 சதவீதம் ஓட்டலிலோ கடையிலோ அல்ல, வீடுகளில் போனது. ஆகவே இந்த ஆப்களின் நோக்கத்தைக் குறை சொல்லவே முடியாது. எது வீணாகும் என்று முன்கூட்டியே தெரிந்தால் நல்லதுதான். ஆனால் வீணாகாமல் பார்த்துக்கொள்ளும் சாமர்த்தியம் ஏற்கெனவே உள்ள சமையலறைக்குள் வந்து, அந்தச் சாமர்த்தியத்தைக் கற்றுக்கொள்ளாமல், சிவப்பு விளக்கு மட்டும் போடுவது எந்த ஊர் நியாயம்?

சிவப்பு விளக்கு என்றதும் இன்னொன்று. அரிசி இல்லை, உப்பு இல்லை என்று வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பது பல வீடுகளில் இன்னமும் வழக்கம். "அரிசி நிறைஞ்சிருக்கு, வரும்போது வாங்கிட்டு வந்துடுப்பா" என்பார்கள். மளிகை லிஸ்ட்டும் பிள்ளையார் சுழி போட்டு மஞ்சளில்தான் தொடங்கும். மூட நம்பிக்கை என்று சிரிக்கலாம். கொஞ்சம் யோசித்தால் அதற்குள் ஒரு நிர்வாகப் பாடம் இருப்பது தெரியும். 'இல்லை' என்று சொல்லக்கூடாது என்றால், தீர்வதற்கு முன்பே சொல்லியாகவேண்டும். டப்பாவில் கொஞ்சம் மீதி இருக்கும்போதே. இதைத்தான் ஃபாக்டரி ஸ்டோர்ஸில் ரீ-ஆர்டர் லெவல் என்று டை கட்டிக்கொண்டு சொல்கிறார்கள். ஆப் போடுகிற 'அவுட் ஆஃப் ஸ்டாக்' அபசகுனம் என்பதைவிட, அது லேட் என்பதுதான் என் புகார்.

சாப்பாட்டுக் கணக்குக்கு வருவோம். இது இன்னும் முக்கியம். ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான பெரிய ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடிப் பேர். மாமியாருக்குச் சர்க்கரை என்றால் எத்தனை இட்லி என்பது வீட்டுப் பிரச்னை. எழுதி வைத்தால் நிச்சயம் பலன் உண்டு, டாக்டருக்கும் காட்டலாம். ஆனால் சாம்பாருக்கு ஆப் காட்டும் கலோரி எங்கிருந்து வந்தது? 1918-ல் குன்னூரில் தொடங்கி 1958-ல் ஹைதராபாத்துக்குப் போன தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2017-ல் 528 உணவுப்பொருள்களுக்கு அட்டவணை போட்டிருக்கிறது. அருமையான வேலை. ஆனால் அதில் பெரும்பாலும் அரிசி, பருப்பு, கீரை, மீன் என்று பச்சைப் பொருள்கள்தான். உங்கள் வீட்டுச் சாம்பாரில் எத்தனை கரண்டி எண்ணெய் என்பது எந்த அட்டவணையிலும் இருக்காது. ஆக, திரையில் வரும் '132 கலோரி' மாதிரியான எண், மரியாதையான ஒரு உத்தேசம். கடைசி இலக்கம் வரை காட்டுவதால் அது உண்மையாகிவிடாது. 'ஏறக்குறைய' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் ஆப்பின் கௌரவம் குறையாது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. இந்த ஆப்கள் தனி ஆளின் தட்டைக் கணக்கெடுக்கும், அல்லது வீட்டின் பானையைக் கணக்கெடுக்கும். பானைக்கும் தட்டுக்கும் நடுவே நடப்பதைக் கவனிப்பதில்லை. பானையில் ஐந்து பேருக்குச் சமைத்தாயிற்று, ஐந்து டிக். யார் கடைசியில் சாப்பிட்டார்கள், அப்போது பொரியல் மிச்சமிருந்ததா? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு, 15-லிருந்து 49 வயதுக்குள் இருக்கும் இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது. அதற்குக் காரணங்கள் பல. கடைசிப் பந்தியும் அவற்றில் ஒன்று என்பதைச் சொல்ல டாக்டர் வேண்டாம். சாப்பாட்டை டிராக் செய்கிற ஆப், சமைத்தவள் தட்டில் என்ன விழுந்தது என்று கேட்காவிட்டால், அது அந்த வீட்டைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம்.

'அப்படியானால் எதுவுமே தேறாதா?' என்று கேட்பீர்கள். தேறும். தேறினதற்கு உதாரணமும் நம்மிடமே இருக்கிறது. ஆப் என்று யாரும் கொண்டாடாத ஒரு ஏற்பாடு: ரேஷன் கடை.

2017-ல் தமிழ்நாட்டில் ரேஷன் அட்டை ஸ்மார்ட் கார்டாக மாறியது. கடையில் ஒரு சின்ன மெஷின், கார்டைக் காட்டினால் பில், உடனே ஃபோனுக்கு எஸ்எம்எஸ்: இன்ன தேதி, இத்தனை கிலோ அரிசி, இத்தனை சர்க்கரை. கடை திறந்திருக்கிறதா, பருப்பு ஸ்டாக் இருக்கிறதா என்று போகும் முன்பே பார்க்க ஒரு ஆப். இதன் அழகு எதில் என்றால், வீட்டில் இருக்கிறவரிடம் இது ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சரக்கு கை மாறும் இடத்திலேயே கணக்கு பதிந்துவிடுகிறது. அந்தக் கணக்கால் ஒரு காரியமும் நடந்தது. வாங்காத பருப்பை வாங்கினதாக எஸ்எம்எஸ் வருகிறது என்று புகார்கள் பேப்பரில் வந்தன. முன்பெல்லாம் அப்படி ஒரு பில் போட்டது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். வீட்டுக்காரர்களுக்குக் கைமேல் கிடைத்த தணிக்கை அறிக்கை அது.

இதிலும் ஒரு குறை உண்டு. 2013-ன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ரேஷன் அட்டையில் பதினெட்டு வயதுக்குக் குறையாத மூத்த பெண்ணையே குடும்பத் தலைவியாக வைக்கச் சொல்கிறது. ஆனால் எஸ்எம்எஸ் பதிவு செய்த நம்பருக்குப் போகிறது. அது யார் நம்பர்? மேலே சொன்ன அதே குடும்ப நல ஆய்வு, தானே உபயோகிக்கும் செல்ஃபோன் வைத்திருக்கும் பெண்கள் இந்திய அளவில் 54 சதவீதம்தான் என்றது. மகன் ஃபோன்தான் வீட்டு நம்பர் என்றால், அரிசி வந்த செய்தி ரயிலில் உட்கார்ந்திருப்பவருக்கு, அரிசியைத் தூக்கி வந்தவர் வீட்டில்.

இரண்டாவது உதாரணம் அதைவிட எளிது. பேப்பரில் மளிகை லிஸ்ட் எழுதி, ஃபோட்டோ எடுத்து, கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். அவர் மூட்டை கட்டி, தொகையைத் திருப்பி அனுப்புகிறார். பையன் கொண்டுவந்து போடுகிறான். யாரும் டிசைன் செய்யாத ஆப் இது. இரண்டு பாஷை கலந்து எழுதினாலும் கடைக்காரருக்குப் புரியும். 'போன தடவை வந்த மாதிரி பருப்பு வேணாம்' என்று ஓரத்தில் எழுதலாம். இதில் எந்தப் பொருளுக்கும் பார்கோடு தேவைப்படவில்லை.

இந்த இரண்டிலிருந்தும் ஒரு சூத்திரம் கிடைக்கிறது. நல்ல ஆப் புதிதாக எதையும் எழுதச் சொல்லாது. ஏற்கெனவே எழுதப்படுவதைப் படித்துக்கொள்ளும்: ரேஷன் எஸ்எம்எஸ், கடை பில், லிஸ்ட் ஃபோட்டோ, காலண்டர் ஓரத்துப் பென்சில் கோடு. தப்பாகப் புரிந்துகொண்டால் ஒரே தட்டில் திருத்த முடியவேண்டும். ஒரு நாளைக்கு ஒரு கேள்விக்கு மேல் கேட்கக்கூடாது. அந்தக் கேள்வியையும் சமைக்கிறவரிடமே கேட்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

இங்கேதான் 'யூஸர்' என்ற வார்த்தையின் வண்டவாளம் வெளியே வருகிறது. 2019-ல் மத்திய அரசின் புள்ளியியல் துறை, மக்கள் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று ஒரு சர்வே எடுத்தது. வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாகச் செலவிடுவது 299 நிமிஷம், செய்கிற ஆண்கள் 97 நிமிஷம். 'செய்கிற' என்பதைக் கவனிக்கவும். ஆண்களில் நாலில் ஒரு பங்கு பேர்தான் அந்த லிஸ்ட்டிலேயே இருந்தார்கள். இதெல்லாம் கையால் செய்த வேலை. மனசில் ஓடும் வேலையை எந்தக் கடிகாரம் அளக்கும்? பருப்பு நாளைக்கு வருமா, உளுந்து இன்றைக்கே ஊறப்போடணுமே, மாமியாருக்குத் தனியாகக் கோதுமைக் கஞ்சி, சின்னவனுக்கு டிபன் பாக்ஸில் தேங்காய்ச் சட்னி ஆகாது. இந்த டேட்டாபேஸ் முழுக்க ஒரே தலையில் இருக்கிறது, பேக்கப் இல்லாமல். அந்தத் தலைக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்தால் வீடே ஹேங் ஆகிவிடுகிறது.

மகன் சாயந்திரம் ரயிலில் இருந்து போன் செய்வார். "வரும்போது எதாவது வாங்கணுமா?" அக்கறையான கேள்விதான். ஆனால் பதில் சொல்ல அடுப்பை விட்டுப் போய் டப்பாக்களைத் திறந்து பார்ப்பது யார்? அந்தக் கேள்விக்கான பதில் அரக்கோணம் தாண்டும்போதே அவர் ஃபோனில் இருந்தால், அந்த ஆப் தன் சோற்றைச் சம்பாதித்துவிட்டது. கையில் ஃபோன் இருக்கிற ஆளும், அடுப்பில் கை இருக்கிற ஆளும் வேறு வேறு என்பதைப் புரிந்துகொண்டு, வேலையை முதலாமவர் பக்கம் தள்ளுவதுதான் டிசைன். எல்லாக் கேள்வியையும் இரண்டாமவரிடமே கேட்டுவிட்டு, பட்டனை மட்டும் பெரிதாகப் போட்டால் ஃப்ரெண்ட்லி ஆகிவிடாது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. மளிகைக் கணக்கு சாதாரணக் கணக்கல்ல. யாருக்குச் சர்க்கரை, யார் விரதம், எந்த மாதம் கையில் காசில்லை, எத்தனை நாள் வீடு பூட்டியிருந்தது, எல்லாம் அதில் தெரியும். மளிகை நோட்டு டப்பாக்களுக்குப் பின்னால் இருந்தவரை இது வீட்டு ரகசியம். இலவச ஆப்பில் ஏற்றிவிட்டால் யார் யார் படிப்பார்கள் என்று கேட்டுவிட்டு ஏற்றவும். தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு 2023-ல் சட்டம் வந்திருக்கிறது. சட்டத்தை நம்புவதோடு, கேட்டதையெல்லாம் கொடுக்காமல் இருப்பதும் நல்லது. ஒரு பருப்புக் கணக்குக்குக் கான்டாக்ட் லிஸ்ட் எதற்கு?

இந்த மாதிரி ஆப் எழுதும் இளைஞர்களுக்கு ஒரு யோசனை. ஒரு வாரம் உங்கள் வீட்டு மளிகைக் கணக்கை அம்மாவையோ மனைவியையோ ஒரு கேள்வியும் கேட்காமல் நீங்களே வைத்துப் பாருங்கள். எட்டாவது நாள் கோடு எழுத உட்காருங்கள். ஸ்க்ரீனில் பாதிப் பட்டன்கள் காணாமல் போயிருக்கும். 'இன்றைக்கு என்ன சமைக்கட்டும்?' என்று அவர்கள் தினம் கேட்பது ஏன் என்றும் புரிந்திருக்கும்.